‘காஸ்ட்ரைட்டிஸ்’ என்ற ஒற்றைப் பெயரும் அதனால் நேரும் தவறுகளும்

கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாலை நேரத்தில் ஏதாவது ஒரு மருந்தகத்தில் பத்து நிமிடம் நின்றால், “காஸ்ட்ரைட்டிஸ், ஒமிப்ரசோல் ஒரு கார்ட் தாங்கோ” என்று அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரையை ஒருவராவது கேட்பதைக் காணலாம். நெஞ்செரிவு, ஏப்பம், வயிற்றுப் பொருமல், வலப்பக்க வலி, முதுகுவரை பரவும் வலி என எல்லாவற்றுக்கும் நம்மவரிடம் இருப்பது இந்த ஒரே பெயர்தான். சமிபாட்டுத் தொகுதி தொடர்பாக நாம் செய்யும் பெரும்பாலான தவறுகள், நோயை அறிவதற்கு முன்பே அதற்குப் பெயர் சூட்டிவிடும் இந்தப் பழக்கத்திலிருந்தே தொடங்குகின்றன.

மேல்வயிறு என்று நாம் கைவைத்துக் காட்டும் உள்ளங்கையளவு இடத்தில் இரைப்பை மட்டும் இல்லை. முன்சிறுகுடல், ஈரல், பித்தப்பை, சற்றுப் பின்னால் சதையி ஆகியவையும் அங்கேதான் இருக்கின்றன. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே எழுந்து தோள்வரை செல்லும் வலி பித்தப்பைக் கல்லினால் வரலாம். முதுகைத் துளைப்பதுபோல் நீடிக்கும் கடும் வலி, சதையி அழற்சியாக இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் ஒரு மெல்லிய பிரிமென்தகட்டுக்கு அப்பால், இதயம் அமர்ந்திருக்கிறது. இதயத்தின் அடிப்புறச் சுவருக்கு இரத்தம் தடைப்படும்போது அந்த வலி மார்பில் தோன்றாமல் மேல்வயிற்றில் தோன்றலாம். கூடவே குமட்டலும் வாந்தியும் வருவதால் ஐயம் முழுவதும் வயிற்றின்மேல் விழுந்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி மங்கலாக இருக்கலாம் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதலானது. வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் இறுக்கம் ஆகியவற்றுள் ஏதாவது ஒன்றுடன் ‘காஸ்ட்ரைட்டிஸ்’ வந்தால், சோடாவும் ஓம வாட்டரும் தேடி நேரத்தைப் போக்காமல், இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 ஐ அழைத்து ஓர் ஈசிஜி எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. அது இரைப்பையாகவே இருந்துவிட்டாலும் யாரும் நம்மைக் கேலி செய்யப்போவதில்லை.

சரி, உண்மையிலேயே காஸ்ட்ரைட்டிஸ் எனும் இரைப்பையழற்சிதான் என்று வைத்துக்கொள்வோம். “நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது”, “உறைப்பினால் வந்தது” என்ற இரண்டு விளக்கங்களுடன் நாம் விசாரணையை முடித்துக்கொள்கிறோம். மிளகாய், ஏற்கெனவே எரியும் இரைப்பையை மேலும் எரிச்சலூட்டுமே தவிர, புண்ணைத் தோற்றுவிக்கும் முதன்மைக் காரணம் அதுவன்று. இரைப்பையின் அமிலத்தில் எதுவும் வாழாது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வோரனும் பரி மார்ஷலும் அங்கே சுருள் வடிவப் பக்றீரியா ஒன்று வாழ்வதைக் காட்டினர். எவரும் நம்பாததால் மார்ஷல் 1984 இல் அந்தப் பக்றீரியாவை வளர்த்த கரைசலைத் தாமே குடித்து, சில நாட்களில் இரைப்பையழற்சிக்கு ஆளாகினார். ‘ஹெலிகோபக்டர் பைலோரி’ என்ற அந்தக் கிருமிக்காக இருவருக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி இருக்கும்வரை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வலியை அடக்கிவைக்கும். புண் மீண்டும் வரும். பரிசோதித்து, வைத்தியர் தரும் நுண்ணுயிர்க்கொல்லிகளைக் குறித்த நாட்கள் முழுவதும் எடுத்தால்தான் அது ஒழியும். வலி நின்றதும் பாதியில் நிறுத்துவது, எஞ்சிய கிருமிக்கு மருந்தை எதிர்க்கப் பழக்கிவிடுவதாகும்.

இரண்டாவது பெருங்காரணம், அதே மருந்தகத்தில் அதே பையில் வாங்கிவரும் வலிநிவாரணிகள். டைக்ளோபினக், ஐபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை வலியை உண்டாக்கும் புரொஸ்டாகிளாண்டின்கள் என்ற உடலின் இரசாயனங்களைத் தடுக்கும்போது, இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்குத் தேவையான புரொஸ்டாகிளாண்டின்களையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. ஆகவே உணவுக்குப் பின் விழுங்கினாலும், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் இந்தத் தீங்கு முற்றாக நீங்காது. மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் டைக்ளோபினக் எடுக்கும் மூத்தவர்கள் நம் வீடுகளில் அதிகம். (டெங்கு ஓயாத கொழும்பில் காய்ச்சலுக்கு இம்மருந்துகளைத் தொடவே கூடாது என்பதற்கும் இரத்தப்போக்கே காரணம், பரசிட்டமோல் போதும்.) ஆனால் இதய நோய்க்காக வைத்தியர் எழுதிய அஸ்பிரினை வயிற்றைக் காரணம் காட்டித் தாமாக நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறாகும்.

ஒமிப்ரசோலை எடுக்கும் முறையிலும் பிழை உண்டு. அமிலத்தைச் சுரக்கும் கலங்களின் பம்பிகள் உணவுக்காக இயங்கத் தொடங்கும் வேளையில்தான் அது அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. எனவே காலை உணவுக்கு ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு முன் எடுக்க வேண்டியதை, வயிறு நிறைந்த பின் எடுத்துவிட்டு மருந்தைக் குறைகூறுவது நியாயமன்று. பால் குடித்தால் எரிவு அடங்கும் என்பது சிறிது நேரத்துக்கே உண்மை. பாலிலுள்ள கல்சியமும் புரதமும் பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டுகின்றன.

இரவு ஒன்பதரைக்கு வேலைவிட்டு வந்து, கொத்து ரொட்டியைச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுக்கும் நகர வாழ்க்கையில் நெஞ்செரிவு வருவதில் வியப்பில்லை. களத்தின் (உணவுக்குழாயின்) அடியிலுள்ள தசை வளையம் தளரும்போது, படுத்திருப்பவரின் அமிலம் மேலேறுகிறது. உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் விடுவதும், தலையணைகளை அடுக்காமல் கட்டிலின் தலைப்பக்கத்தையே உயர்த்துவதும் பயன் தரும்.

வயிற்றோட்டம் வேறு கதை. களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வெள்ளம் ஏறும்போதெல்லாம் கிணறுகளும் மலசலக்குழிகளும் ஒன்றாகிவிடுகின்றன. அந்நாட்களில் கொதித்தாறிய நீரன்றி வேறு நீரைக் குடிப்பதே முதல் தவறு. அடுத்த தவறு, வயிற்றோட்டத்துக்கான உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனியைக் கரைப்பதில் நிகழ்கிறது. ஒரு பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். “பிள்ளை குடிக்கமாட்டாது” என்று ஒரு கோப்பை நீரில் முழுப் பைக்கற்றையும் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். குடற்சுவரில் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே கொண்டுசெல்லும் ஒரு வழி, வயிற்றோட்டத்தின்போதும் பெரும்பாலும் பழுதுபடாமல் இருக்கிறது. அவற்றின் பின்னே நீரும் உடலுக்குள் செல்கிறது. கரைசல் அடர்த்தியானால் நிலைமை தலைகீழாகி, உடலின் நீர் குடலுக்குள் இழுக்கப்படும். இனிப்புச் சோடா தீங்காவதும் இதனால்தான். இந்த எளிய கரைசலின் வலிமையை 1971 இல், வங்காளதேச அகதிகளிடையே கொலரா பரவிய முகாமில், மருத்துவர் திலீப் மஹலானபிஸ் நிரூபித்தார்.

குடலுக்கு ஓய்வு தருகிறோம் என்று பிள்ளையைப் பட்டினி போடுவதும் தாய்ப்பாலை நிறுத்துவதும் கூடாது. காய்ச்சலோ இரத்தமோ சேர்ந்த வயிற்றோட்டத்தை லோபெரமைட் கொடுத்து அடக்குவது, வெளியேற வேண்டியதை உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம். கண் குழி விழுந்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை சோர்ந்து கிடந்தால் வீட்டு மருத்துவத்தின் எல்லை அங்கே முடிகிறது.

மலச்சிக்கலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாணையும் வெள்ளை மா இடியப்பத்தையும் மாறிமாறி உண்பவருக்கு நார்ச்சத்து எங்கிருந்து வரும்? தீட்டாத சிவப்பரிசியும் வல்லாரையும் பொன்னாங்காணியும் போதிய நீரும் பேதி மாத்திரையைவிட மேலானவை. தொப்புளைச் சுற்றித் தொடங்கிக் கீழ் வலப்பக்கம் இறங்கும் வலிக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. அது குடல்வால் அழற்சியாக இருந்தால் குடல்வால் வெடிக்க நேரிடலாம்.

மலத்தில் இரத்தம் கண்டால் ‘மூலம்’ என்று முடிவுகட்டி, வெட்கத்தால் ஆண்டுக்கணக்கில் மறைப்பவர்கள் ஏராளம். மூலமாகவே இருக்கலாம், ஆனால் பெருங்குடற் புற்றுநோயும் அதே அடையாளத்துடன் தொடங்கலாம். காரணமின்றி எடை குறைதல், விழுங்கச் சிரமம், புதிதாக மாறிய மலப் பழக்கம் ஆகியவையும் இதே வரிசையில் சேரும். தார்போல் கறுத்து, ஒட்டும் தன்மையுடன் துர்நாற்றம் வீசும் மலம், இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்த இரத்தம் செரிமானமாகி வெளிவருவதைக் குறிக்கும். அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதால், எடுக்கும் மருந்துகள் அனைத்தையும், அந்த ஒமிப்ரசோல் கார்ட்டையும் சேர்த்து, கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். பைலோரி கிருமிக்கான மூச்சு அல்லது மலப் பரிசோதனைக்கு இரண்டு வாரங்கள் முன்பே ஒமிப்ரசோலை நிறுத்தச் சொல்வார்கள். அதை எடுப்பதைச் சொல்லாமல் விட்டால், கிருமி இருந்தும் இல்லை என்ற முடிவு வரக்கூடும்.