ஹெலிகாப்டரில் சென்று மலைநடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே, பர்செல், செல்கிர்க், மொனாஷீ, கரிபூ ஆகிய தொடர்கள் அடங்கிய கொலம்பியா மலைகள் பரந்து கிடக்கின்றன. அங்கே சாலைகள் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளோடு நின்றுவிடும். ஆஸ்திரியாவில் பிறந்து கனடாவில் குடியேறிய மலை வழிகாட்டி ஹன்ஸ் க்மோசர், பர்செல் தொடரின் புகபூ பகுதியில் 1965இல் ஹெலிகாப்டர் வழியே பனிச்சறுக்குப் பயணங்களைத் தொடங்கினார். 1968இல் அங்கே ஒரு தங்கும் விடுதி எழுந்தது. 1970களின் இறுதியில், அந்த மலைகளில் கோடைக்கால நடைப்பயணங்களும் தொடங்கின. காலை உணவு முடிந்ததும் ஹெலிகாப்டர் பயணிகளை மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே கொண்டுபோய் இறக்கிவிடும். வழிகாட்டியுடன் நடந்து முடித்த பின் வேறோர் இடத்தில் வந்து ஏற்றிக்கொள்ளும்.

இத்தகைய பயணத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே நினைப்பிலிருந்து பிறக்கின்றன: மேலே கொண்டுபோய் விடத்தான் ஹெலிகாப்டர் இருக்கிறதே, நாம் தனியாக என்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதே அந்த நினைப்பு. அடிவாரத்திலிருந்து ஏறி வருபவருக்குச் சில மணி நேரம் கிடைக்கிறது. காலணி கடிப்பதும் மூச்சு வாங்குவதும் காற்று குளிர்வதும் வழியிலேயே தெரிந்துவிடுவதால், தேவைப்பட்டால் அவர் திரும்பிவிடலாம். விடுதியின் கதகதப்பிலிருந்து சில நிமிடங்களில் பனியாற்றின் விளிம்பில் இறங்கி நிற்பவருக்கு அந்த அவகாசம் இல்லை. எனவே, அந்த ஆயத்தத்தை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, பலர் ஏறுவதற்கு மட்டும் பழகிக்கொண்டு வருகிறார்கள். முகட்டில் இறக்கிவிட்டுத் தாழ்வான இடத்தில் ஏற்றிக்கொள்ளும் நாட்களில் இறக்கமே மிகுதி. இறங்கும்போது உடலின் எடை முழுவதையும் தாங்கிப் பிடிப்பவை தொடையின் முன்பக்கத் தசைகள்; பழக்கமில்லாத தசைக்கு வலி அன்று தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும் இதற்கு ஈடாகாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் வசிப்பவர்கள், புறப்படுவதற்கு முன் ஆறேழு வாரங்கள், முதுகில் சிறு சுமையோடு படி இறங்கிப் பழகுவது மிகுந்த பயன் தரும். புதுக் காலணியை அங்கே போய்ப் பிரிப்பதும் இதே வகைத் தவறுதான். சில விடுதிகள் காலணி, மழையுடை, ஊன்றுகோல் போன்றவற்றை இரவலாகத் தருகின்றன என்பதால், எதையும் வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

ஹெலிகாப்டரின் அருகில் நடந்துகொள்ளும் முறையைத்தான் மிகுந்த கவனத்தோடு கற்க வேண்டும். இயந்திரம் இறங்கும் முன், வழிகாட்டி எல்லோரையும் ஓரிடத்தில் நெருக்கமாக மண்டியிடச் செய்வார். பைகள் ஒன்றாகக் கட்டப்பட்டுப் பக்கத்தில் இருக்கும். தொப்பிகள் சட்டைக்குள் போய்விடும். அடுத்த நிமிடம், முகத்தை நிமிர்த்த முடியாத காற்றோடும் தூசியோடும், கைக்கெட்டும் தூரம் என்று தோன்றுமளவு அருகில் அது வந்து அமரும். அந்தக் கணத்தில் படம் எடுப்பதற்காக எழுந்து நிற்பது பெருந்தவறு. பறந்துபோன தொப்பியின் பின்னால் ஓடுவது அதைவிட மோசமானது, ஏனெனில் ஓடுபவரின் கண் தொப்பியின் மேல் இருக்குமே தவிர, வால் பக்கத்தில் சுழலும் விசிறியின் மேல் இருக்காது. வேகமாகச் சுழலும்போது அந்த விசிறி கண்ணுக்கே தெரியாது. ஆகவே எந்தக் காரணத்துக்காகவும் இயந்திரத்தின் பின்புறம் போகக் கூடாது. விமானியின் கண்ணில் படும்படி, வழிகாட்டி சைகை காட்டிய பின்பே நெருங்க வேண்டும்.

ஹெலிகாப்டர் சரிவில் இறங்கி நிற்கும்போது, மேட்டுப் பக்கத்தில் தரைக்கும் மேல் விசிறிக்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடுவதால், எப்போதும் பள்ளப் பக்கத்திலிருந்தே போய்வர வேண்டும். ஊன்றுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கக் கூடாது. மடக்கி, இடுப்புக்குக் கீழே கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். இறங்கியவர்கள் உடனே விலகி ஓடவே விரும்புவார்கள். ஆனால் இறங்கிய இடத்திலேயே குனிந்து மண்டியிட்டு, இயந்திரம் மேலெழுந்து போகும் வரை அசையாமல் இருப்பதே பாதுகாப்பு. எழுந்து வரும் முன் இருக்கைப் பட்டையைத் திரும்பப் பூட்டிவைப்பதும் சிறிய கடமைதான் என்றாலும், கதவுக்கு வெளியே தொங்கும் பட்டை பறக்கும்போது இயந்திரத்தின் உடலில் அடித்துச் சேதம் விளைவிக்கும்.

தம் எடையைக் குறைத்துச் சொல்வதையும் இங்கேயே குறிப்பிட வேண்டும். விமானி ஒவ்வொரு பயணத்துக்கும் சுமையைக் கணக்கிட்டே எரிபொருளையும் பயணிகளின் எண்ணிக்கையையும் முடிவு செய்கிறார். கூச்சத்தால் சொல்லும் பொய் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். விடுதிக்குக் கொண்டுபோகும் பையும் சக்கரம் வைத்த பெட்டியாக இல்லாமல், மடங்கும் துணிப்பையாக இருக்கட்டும்.

உடை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிச் சூட்டை இழுத்துவிடும்; ஜீன்ஸ் அதனினும் தொல்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், பள்ளத்தாக்கில் வெயில் சுடுகிறதே என்று கையுறையையும் கம்பளித் தொப்பியையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆகஸ்டிலும் அங்கே பனி பெய்வதுண்டு. புதுப்பனி சூரியனின் புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனிப்பரப்பில் நடப்பது கண்ணுக்குத் தீங்கு.

புகபூ ஸ்பயர் சிகரமே 3,204 மீட்டர்தான். நடைப்பயணிகள் போகும் இடங்கள் அதைவிடத் தாழ்ந்தவை, இரவில் தங்குவது இன்னும் கீழே. அதனால் உயர நோய் அங்கே பெரிய கவலை ஆவதில்லை. அந்த அனுபவத்தை நம்பி இமயத்துக்குப் போவது கொடிய தவறு. சுமார் 1,400 மீட்டரில் உள்ள காத்மாண்டுவிலிருந்து ஒரே மூச்சில் நாலாயிரம் மீட்டருக்கு மேல் பறந்து போய் அங்கேயே இரவு தங்கினால், உடல் பழகிக்கொள்ள இடமே இல்லாமல் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கலாம்.

மலை ஆடுகளைக் கண்டால் இன்னும் அருகே போகும்படி விமானியைக் கேட்பவர்கள் உண்டு. இயந்திரத்தின் இரைச்சலால் மிரண்டு ஓடும் ஆடு தன் வலிமையை வீணாக்குகிறது, சில வேளை குட்டியையும் பிரிகிறது. அதனால்தான் விமானிகள் வெகுதூரம் விலகிப் பறக்கிறார்கள். பாதையே இல்லாத புல்வெளிகளில் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நடப்பதும் தவறு. குறுகிய கோடையில் மட்டும் வளரும் செடிகள், பல காலடிகள் ஒரே இடத்தில் விழுந்தால் மீள்வதற்கு நெடுங்காலம் ஆகும். பரவலாகப் பிரிந்து, பாறை கிடைக்கும் இடத்தில் பாறைமேல் நடக்க வேண்டும்.

மேகம் தாழ்ந்துவிட்டால் ஹெலிகாப்டர் பறக்காது, அதற்கு மாற்றும் கிடையாது. ஆகவே பயணம் முடியும் நாளன்றே கால்கரி நகர விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்ப விமானச் சீட்டு எடுப்பது தவறு. ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். “கொஞ்சம் தெளிந்தாற்போல் இருக்கிறதே, போகலாமே” என்று வழிகாட்டியை நெருக்குவதும் வேண்டாம். அவர் மறுக்கும்போது, உங்கள் பணத்துக்கு உரிய வேலையைத்தான் செய்கிறார்.

காப்பீட்டில் டொராண்டோவில் வாழும் தமிழர்கள் ஏமாந்துவிடுவதுண்டு. ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு பிற மாகாணங்களில் ஆம்புலன்ஸ் செலவை ஏற்பதில்லை. கனடாவுக்குள்தானே போகிறோம் என்று தனிக் காப்பீடு இல்லாமல் புறப்படக் கூடாது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள், தங்கள் காப்பீடு மலைநடையையும் ஹெலிகாப்டர் மீட்பையும் ஏற்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூட்டு வலி, ஆஸ்துமா, நீரிழிவு போன்றவற்றை மறைக்காமல் முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். எந்தக் குழுவில் உங்களைச் சேர்ப்பது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். மதியத்துக்குள் திரும்பிவிடுவோம் என்று மருந்தை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மூடுபனி இறங்கினால் அன்றைய மாலை, சில வேளை இரவு வரையிலும் மேலேயே காத்திருக்க நேரலாம்; அதற்கு வேண்டிய மாத்திரையும் இன்ஹேலரும் உங்கள் முதுகுப்பையிலேயே இருக்க வேண்டும்.