நண்டு ஓட்டிலிருந்து மருந்து சுமக்கும் நானோ துகள்: எங்கெல்லாம் தவறுகிறது?

மண்டபம், ராமேசுவரம் பக்கம் நண்டுச் சதை எடுக்கும் இடங்களில் ஓடு சாக்குச் சாக்காகக் கிடைக்கும். பாம்பன், ஏர்வாடிக் கரைகளில் கட்டக்கோரைப் பாசி கிடைக்கும். முன்னதிலிருந்து கைட்டோசான், பின்னதிலிருந்து ஆல்ஜினேட். இரண்டுமே மருந்தைச் சுமந்து சென்று மெல்ல விடுவிக்கும் நானோ துகள் செய்ய உலகெங்கும் பயன்படும் பொருள்கள். அதனால் இந்தக் கடற்கரையில் வேதியியலோ பார்மசியோ படிக்கும் மாணவருக்கு இது கைக்கு எட்டும் புராஜெக்ட். ஆனால் மூலப்பொருள் பக்கத்தில் இருப்பதாலேயே அதைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறோம். பின்னால் வரும் பல கோளாறுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஓட்டில் தொடங்கும் கோளாறு

இறால் ஓட்டுக்கு எழுதிய செய்முறையை நண்டு ஓட்டுக்கு அப்படியே போடக் கூடாது. நண்டு ஓட்டில் சுண்ணாம்பு அதிகம். எடையில் ஏறக்குறைய பாதி கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொள்ளலாம். 10 கிராம் தூளில் 5 கிராம் சுண்ணாம்பு இருந்தால், அதைக் கரைக்க மட்டுமே 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி. செலவாகிவிடும். ஆகவே 1 கிராமுக்கு 10 மி.லி. என்ற அளவு விளிம்பில் நிற்கிறது, 15 மி.லி. வையுங்கள். அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், இல்லையென்றால் நுரை பொங்கி பீக்கருக்கு வெளியே வழியும். குமிழி நின்றதும் கழுவிவிடுங்கள். இரவு முழுக்க அமிலத்திலேயே ஊறவிட்டால் சங்கிலி மூலக்கூறுகள் அறுந்து போகும். சுண்ணாம்பு போனதா என்று அறிய, 1 கிராமை 600 டிகிரி சூளையில் எரித்துச் சாம்பலை எடை போடுங்கள். 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அமிலக் கழுவலை மறுபடி செய்ய வேண்டும்.

அடுத்து 1 மோலார் காஸ்டிக் சோடாவில் சூடாக்கிப் புரதம் நீக்குதல். அதன்பின் 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் 100 டிகிரியில் அசிட்டைல் நீக்கம், ஓட்டில் மிஞ்சிய கைட்டின் கைட்டோசானாக மாறுவது இதில்தான். இந்தக் கடைசிப் படியில் கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், சூடான அடர் காரம் கண்ணாடியையே அரிக்கும். காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். முடிந்தபின் அசிட்டைல் நீக்க அளவை டைட்ரேஷன் அல்லது அகச்சிவப்பு நிறமாலையால் அளந்து எழுதுங்கள். அந்த எண் இல்லாத கைட்டோசானைக் கொண்டு வேறொருவர் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்யவே முடியாது.

தண்ணீரும் கவனம். இந்தக் கரையோரத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. கேன் தண்ணீரும் போதாது. கரைந்த உப்பு துகளின் மின்னூட்டத்தை மறைத்துவிடும். கால்சியம் இருந்தால் ஆல்ஜினேட் நீங்கள் கலக்கத் தொடங்கும் முன்பே கட்டிகட்டும். அயனி நீக்கிய நீர்தான் வேண்டும்.

துகள் உருவாகும் நேரம்

1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் மி.லி.க்கு 1 மி.கி. கைட்டோசானை இரவு முழுக்கக் கலக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பிஎச் 4.8 அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதில் 10 மி.லி. எடுத்து, கைட்டோசான் சங்கிலிகளைப் பிணைத்துத் துகளாக்கும் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட்டை மி.லி.க்கு 1 மி.கி. கரைத்து, அந்தக் கரைசலை 2 முதல் 3 மி.லி. வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீலம் கலந்த மங்கல் தெரிந்தால் துகள் வந்துவிட்டது. வெள்ளைத் திரளாக அடியில் படிந்தால் பாஸ்பேட் அதிகம். அந்தத் திரளைச் சோனிகேட்டரால் (மீயொலியால் உடைக்கும் கருவி) உடைத்துச் சரிக்கட்டுவது தவறு. உடைந்தது மீண்டும் ஒட்டும், சோனிகேட்டர் முனையிலிருந்து டைட்டானியத் துணுக்கும் கலக்கும். விகிதத்தை மாற்றிப் புதிதாகச் செய்யுங்கள்.

அளவைச் சொல்லும்போதும் குழப்பம் வரும். ஒளிச்சிதறல் கருவி 180 நானோமீட்டர் என்கிறது, எலெக்ட்ரான் நுண்ணோக்கி 70 என்கிறது என்றால் முரண்பாடு இல்லை. முதலாவது நீரில் ஊதிய துகளை அளக்கிறது, இரண்டாவது உலர்ந்ததை. ஆனால் சிறு துகளுக்குச் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். அதனால் நூறு நானோமீட்டர் துகள்களுக்கு நடுவே சில பெரிய தூசிகள் இருந்தாலே கணக்கு புரளும். துகள் அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் பரவல் குறியீடு 0.3-ஐத் தாண்டினால் ஒரே சராசரி எண்ணைக் கொடுக்காதீர்கள். அமிலக் கரைசலில் அளந்த அளவை ரத்தத்துக்கும் பொருத்தக் கூடாது. பிஎச் 6.5-ஐ ஒட்டி கைட்டோசான் தன் நேர் மின்னூட்டத்தை இழக்கத் தொடங்கும், 7.4-இல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல் வளர்க்கும் திரவத்திலேயே ஒரு முறை அளந்து பாருங்கள்.

குர்குமின் ஏற்றும்போது

மஞ்சளின் குர்குமினைத்தான் பலரும் மாதிரி மருந்தாக எடுக்கிறார்கள். மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிவது வசதி, ஆனால் ஏமாற்றுவதும் அதுவே. எத்தனாலில் கரைத்த குர்குமினைச் சேர்த்ததும், துகளுக்குள் போகாத மிச்சம் நீரில் கரையாமல் நுண்படிகமாகிறது. சென்ட்ரிஃபியூஜில் அந்தப் படிகமும் துகளோடு சேர்ந்து அடியில் உட்காரும். மேல்நீரில் குர்குமின் இல்லை என்று பார்த்து 95 சதவீதம் ஏறியதாக எழுதிவிடுகிறோம். முதலில் மெதுவாகச் சுழற்றிப் படிகத்தைப் பிரித்து எறியுங்கள். பிறகு துகளையே கரைத்து உள்ளிருக்கும் மருந்தை நேரடியாக அளவிடுங்கள்.

வெளியீட்டுச் சோதனையில் தவறு இன்னும் ஆழம். சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் துகளைக் கட்டி, பாஸ்பேட் கரைசலில் தொங்கவிட்டு, 24 மணி நேரத்தில் 20 சதவீதமே வெளிவந்தது, ஆகவே மெல்ல விடுவிக்கிறது என்று முடிவு கட்டுகிறார்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம். குர்குமின் அந்தக் கரைசலில் கரையவே கரையாது. வெளியே வர இடமில்லாமல் பையிலேயே நின்றிருக்கும். நடுநிலைக்கு மேற்பட்ட பிஎச்சில், 37 டிகிரியில், அரை மணி நேரத்திலேயே பெரும்பகுதி சிதைந்தும் போகும். நிறம் போனதைத்தான் வெளிவராததாக எண்ணுகிறோம். குர்குமின் கரைய உதவும் ட்வீன் 80-ஐ வெளிக்கரைசலில் 0.5 சதவீதம் சேருங்கள், பாட்டிலை வெளிச்சம் படாமல் மூடுங்கள். துகளில்லாத குர்குமினையும் அதே போன்ற பையில் கட்டி இணையாக ஓட்டுங்கள். முடிவில் பையில் மிஞ்சியதையும் அளந்து, தொடக்க அளவோடு கூட்டுத்தொகை ஒத்துப்போகிறதா பாருங்கள். மருந்தில்லாத வெறும் துகளும் ஒரு பீக்கரில் இருக்க வேண்டும், கைட்டோசானே ஒளியைச் சிதறடித்து எண்ணைக் கூட்டிக் காட்டும்.

ஏற்றத் திறனையும் ஏற்ற அளவையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். 100 மி.கி. கைட்டோசானுக்கு 5 மி.கி. மருந்து போட்டு 4 மி.கி. உள்ளே போனால் திறன் 80 சதவீதம், கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் 104 மி.கி. துகளில் மருந்து 4 மி.கி.தான், சுமார் 3.8 சதவீதம். 500 மி.கி. பாராசிட்டமாலை இப்படிக் கொடுக்க 13 கிராம் தூளை விழுங்க வேண்டும். சில மி.கி. போதும் என்ற மருந்துகளுக்கே இந்த வழி பொருந்தும்.

புற்றுநோய்க் கட்டியை நானோ துகள் தானே தேடிப் போகும் என்ற வாக்கியமும் புராஜெக்ட் முன்னுரைகளில் வேண்டாம். 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், விலங்குச் சோதனைகளில் கட்டியைச் சென்றடைந்தது செலுத்திய அளவில் இடைமதிப்பாக 0.7 சதவீதமே.

கடைசியாகச் சேமிப்பு. துகள் நீரை அப்படியே உறைய வைத்து உலர்த்தினால் பனிப்படிகம் துகள்களை நெருக்கி ஒட்டவைக்கும். உறைய வைக்கும் முன் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை 5 சதவீதம் சேருங்கள். உலர்ந்த தூள் கடற்காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும். ஈரம் புகாத டெசிகேட்டர் பாத்திரத்தில் வையுங்கள், திறந்ததும் எடை போட்டு உடனே மூடுங்கள். மறுபடி நீரில் கலக்கி அளவு பாருங்கள். பழைய அளவைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அந்தத் தொகுதியைச் சோதனைக்கு எடுக்க வேண்டாம்.