மனம் ஒடிந்தது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

தமிழ்க் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில் என்னைத் திணறடித்த வரி இது. ஈரம் காயாத ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் அப்பாவிடம் ஓடுகிறான். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொள்கிறார். 'பையன் மனம் ஒடிந்துபோனான்.' நான் 'டிப்ரஸ்டு' என்று எழுதியிருந்தேன். பதிப்பாசிரியர் அந்தச் சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் கேட்டிருந்தார்: "எத்தனை மாதமாக?"

நியாயமான கேள்விதான். டிப்ரஸ் என்பதற்கு லத்தீன் மூலத்தில் கீழே அழுத்துதல் என்று பொருள். வானிலை அறிக்கையின் காற்றழுத்தத் தாழ்வுக்கும், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்துக்கும் ஆங்கிலத்தில் டிப்ரஷன்தான். ஒரு செய்தி என்னை டிப்ரஸ் செய்தது என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் ஓர் ஆளை டிப்ரஸ்டு என்றால் இன்று பலரும் நோயாகவே படிப்பார்கள். பத்து நிமிட வருத்தத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஆள் செய்துகொண்டிருந்ததை, அல்லது செய்ய நினைத்ததை, விட்டுவிட்டாரா? ஆம் என்றாலோ, விடும் நிலைக்கு வந்துவிட்டார் என்றாலோ, டிஸ்கரேஜ். அதற்குள் இருக்கும் கரேஜ், இதயத்தைக் குறிக்கும் லத்தீன் 'கோர்' வழியே பிரெஞ்சில் பிறந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் இந்தச் சொல்லுக்குக் கண்ணீர் தேவையே இல்லை. நீண்ட விண்ணப்பப் படிவம்கூட ஒருவரை டிஸ்கரேஜ் செய்யும். அவர் வருந்தாமலேயே அதை மூடி வைத்துவிட்டுப் போவார். அறிவிப்புகளில் ஒன்றை 'டிஸ்கரேஜ்டு' என்று எழுதியிருந்தால் தடை இல்லை, ஆனால் செய்யாதிருப்பது நல்லது என்று பொருள். இதற்குப் பின் 'டு' (to) சேர்க்காதீர்கள். 'டிஸ்கரேஜ்டு மீ டு அப்ளை' பிழை. 'டிஸ்கரேஜ்டு மீ ஃப்ரம் அப்ளையிங்' சரி. நான் திருத்தும் கடிதங்களில் அடிக்கடி சிவப்பு மை விழும் இடம் இது.

வேலையை விடவில்லை, கை ஓடுகிறது, மனம் மட்டும் அதில் இல்லை என்றால் டிஸ்ஹார்ட்டன். டிஸ்பிரிட் அதன் பக்கத்து வீடு. எழுத்தில்தான் அதிகம் புழங்கும். தொடங்கும் முன்பே வேலையின் அளவைக் கண்டு மலைத்தால் டான்ட். பழக்கி அடக்குதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது அது. அதனால்தான் அடங்க மறுப்பவரை 'அன்டான்டட்' என்கிறார்கள்.

ஒரு கூட்டமே சோர்ந்துபோனால் டிமாரலைஸ். தனி ஆளுக்கும் போடலாம். என் காதுக்கு அது படைக்கும் அணிக்கும் அலுவலகத்துக்கும்தான் பொருந்துகிறது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதியில் இதன் பொருள் ஒழுக்கத்தைக் கெடுத்தல். மன உறுதியைக் குலைத்தல் என்ற பொருள் ஓங்கியது பிறகுதான். பழைய நூல்களைப் படிக்கும்போது இதை மறந்தால் பத்தி தலைகீழாகிவிடும்.

டிஜெக்ட் என்பதை வினையாக யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. டிஜெக்டட் என்ற அடைமொழி போதும். கீழே எறியப்பட்டவன். ரிஜெக்ட் என்றால் திருப்பி எறிவது, இன்ஜெக்ட் என்றால் உள்ளே எறிவது. மூன்றுக்கும் வேர் ஒன்றே.

வருத்தப்படுத்துதல் என்ற பொருளுள்ள சேடன் (sadden) அமைதியான சொல். இரங்கல் குறிப்பிலும் வருத்தம் தெரிவிக்கும் கடிதத்திலும் பொருத்தமாக இருக்கும். அதற்குள் இருக்கும் 'சேட்' (sad) என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வயிறு நிறைந்த, திகட்டிய என்று பொருள் என்று படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. துக்கத்தில் இருப்பவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைப்பதைப் பார்த்திருக்கிறோமே!

அப்செட் எதற்கும் பொருந்தும் பை. வருத்தமும் கோபமும் கலக்கமும் அதற்குள் கிடக்கும். எது என்று தெரிந்தால் அதையே எழுதுங்கள்.

இனி அந்தப் பையன். டிஸ்கரேஜ்டு என்று மாற்றிப் பார்த்தேன். கதையில் மறுநாள் காலை அவன் அதே தாளின் பின்பக்கத்தில் வரைகிறான், எனவே பொருந்தவில்லை. கிரஷ்டு என்றால் நசுங்கியவன். அப்பா அவ்வளவு கொடுமைக்காரர் இல்லை. கடைசியில் டிஃப்ளேடட். பலூனில் காற்று இறங்குவதைச் சொல்லும் சொல். உப்பிக்கொண்டு ஓடி வந்தவனுக்குத்தான் காற்று இறங்கும். இவன் அப்படித்தான் ஓடி வந்தான். பதிப்பாசிரியர் ஒப்புக்கொண்டார். எனக்கு இன்றும் அரை மனம்தான். ஒடிதலில் ஒரு சுள்ளியின் சத்தம் இருக்கிறது, காற்று இறங்குவதில் அது இல்லை.

எந்தச் சொல்லை எடுத்தாலும் வாலைச் சரிபாருங்கள். 'எட்' என்று முடிந்தால் சோர்ந்தவர், 'இங்' என்று முடிந்தால் சோரவைப்பவர். முதல் மொழிபெயர்ப்பு திரும்பி வந்த வருத்தத்தில் ஓர் இளைஞர் எனக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தார். கடைசி வரி: 'ஐ ஆம் வெரி டிப்ரஸிங்.' அப்படியெல்லாம் இல்லை, உங்கள் கடிதம் சுவையாகவே இருந்தது என்று பதில் போட்டேன்.