சிச்சேன் இட்ஸா ஒருநாள் சுற்றுலா: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

மெக்சிகோவின் கடற்கரை நகரமான கான்கூனிலிருந்து, பிரமிடு உள்ள பழைய மாயா நகரமான சிச்சேன் இட்ஸாவுக்குச் சுற்றுலா பதிவு செய்யும்போது, நுழைவுக் கட்டணமும் சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள். மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். பல பேக்கேஜ்களில் அது சேராது. வாசல் காலை 8 மணிக்குத் திறக்கும். கான்கூனைவிட அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பிரமிடைப் பார்த்துவிடலாம். மேலே ஏற அனுமதியில்லை. ஆனால் படிக்கட்டுக்கு எதிரே நின்று கைதட்டிப் பாருங்கள், பறவை கூவுவது போல எதிரொலி வரும்!

அப்புறம் இந்தச் சுற்றுலாவில் நீந்த இறங்கும் செனோட்டே. சுண்ணாம்புப் பாறை இடிந்து உருவான இயற்கைக் கிணறு. உள்ளே இருப்பது நிலத்தடி நீர். சன்ஸ்கிரீன் கரைந்தால் அது கெடும், அதனால் குளித்துவிட்டுத்தான் இறங்க விடுவார்கள். க்ரீமுக்குப் பதில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும். ஆழம் அதிகம், லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள்.