பல் வேர் நுனியில் தொற்று: முப்பரிமாண ஸ்கேனில் தேடுவது எப்படி?

வேர் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆன மேல் கடைவாய்ப்பல். கடித்தால் வலிக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பயிற்சி மருத்துவர்கள் பலர் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள். வேர் நுனியைச் சுற்றியுள்ள பஞ்சு எலும்பு மட்டும் கரைந்திருந்தால், வெளிப்பக்கத்துக் கெட்டி எலும்பு அதை மறைத்துவிடும். மேல் தாடையில் கன்ன எலும்பும் சைனஸும் வேறு குறுக்கே வந்து விழும். சி.பி.சி.டி. (கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் முப்பரிமாண ஸ்கேன்) இவற்றை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும்.

அதற்காக வந்தவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பல்லைத் தட்டிப் பாருங்கள், ஈறை அழுத்திப் பாருங்கள், பக்கத்துப் பற்களுக்குக் குளிர் சோதனை (பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று குளிரை வைத்துப் பார்ப்பது) செய்யுங்கள். அப்போதும் விடை கிடைக்காவிட்டால்தான் ஸ்கேன். அதுவும் சுமார் 5 செ.மீ. உயர, அகலத்துக்கு எடுத்தால் போதும்; கதிர்வீச்சும் குறையும், படமும் நுணுக்கமாக வரும்.

சரி, படம் கையில் வந்துவிட்டது. ஆக்ஸியல் (கிடைமட்ட வெட்டு), கரோனல் (முன்பின்னாகப் பிரிக்கும் வெட்டு), சஜிட்டல் (இடவலமாகப் பிரிக்கும் வெட்டு) என்று மூன்று ஜன்னல்கள் திறக்கும். எலும்பு கரைந்த இடம் கறுப்பாகத் தெரியும்; ஆனால் உடனே கறுப்பைத் தேடக் கூடாது. பார்க்கப்போகும் வேர் நிமிர்ந்து நிற்கும்படி படத்தைத் திருப்புங்கள். மூன்று வேர் என்றால் மூன்று முறை திருப்ப வேண்டும். சாய்வாக வெட்டிய படம் நல்ல வேரையும் நோயுள்ளதாகக் காட்டும்.

அடுத்து, பக்கத்தில் இருக்கும் நல்ல பல்லுக்குப் போங்கள். வேரைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். வேரை எலும்போடு பிணைக்கும் தசைநாரின் இடம் அது, சராசரியாக 0.2 மி.மீ. அகலம். அதற்குக் கண் பழகிய பிறகு சந்தேகப்பட்ட பல்லுக்கு வாருங்கள். அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடுக்காக நுனிவரை நகருங்கள். கோடு எங்கே அகலமாகிறது, எங்கே அறுந்து கறுப்புத் திட்டாகிறது என்பதுதான் கேள்வி. ஒரே ஜன்னலில் தெரிந்தால் நம்பாதீர்கள். குறைந்தது இரண்டில் தெரிய வேண்டும். கட்டாபெர்ச்சா (வேருக்குள் அடைக்கும் ரப்பர் போன்ற நிரப்பு), உலோகக் கிரவுன் பக்கத்தில் தெரியும் கறுப்புக் கீற்றுகள் பெரும்பாலும் கதிர் செய்யும் மாயம். அதைப் பார்த்து வேர் விரிசல் என்று எழுதிவிட வேண்டாம்.

ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. கீழ் முன்கடைவாய்ப்பல் நுனியருகே நரம்பு வெளிவரும் துளை, மேல் முன்பற்களுக்குப் பின்னால் எலும்பில் இருக்கும் நரம்புக் கால்வாய், இரண்டுமே தொற்றுப்போலத் தெரியும். கீழ் முன்பற்களில் சிமெண்டோ ஆசியஸ் டிஸ்ப்ளேசியாவும் (தொற்றில்லாமலே வேர் நுனி எலும்பு மாறும் நிலை) தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். சிகிச்சை செய்யாத அந்தப் பல் குளிருக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறதா? அப்படியானால் டிரில்லைக் கீழே வையுங்கள். உயிருள்ள பல்லைத் திறந்தால் திருப்பித் தர முடியாது.

அப்புறம் அளவு. மூன்று திசையிலும் அளந்து பெரியதை எடுங்கள். 2008-இல் எஸ்ட்ரேலா குழு தந்த அளவுகோலில் 0.5 மி.மீ.க்கு மேல் 1 வரை இருந்தால் மதிப்பெண் 1, 8 மி.மீ.யைத் தாண்டினால் 5. கெட்டி எலும்பு உப்பியிருந்தால் E, அழிந்திருந்தால் D என்ற எழுத்தை மதிப்பெண்ணோடு சேர்ப்பார்கள். கிரானுலோமா என்ற அழற்சிக் கட்டியா, நீர்க்கட்டியா என்பதை மட்டும் ஸ்கேனை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது திசுப் பரிசோதனையின் வேலை.

இனி நம் கடைவாய்ப்பல். கன்னப்பக்கம் முன்னால் இருக்கும் மீசியோபக்கல் வேரின் ஆக்ஸியல் அடுக்கைப் பாருங்கள். வெள்ளை நிரப்பு வேரின் நடுவில் இல்லை, ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. அண்ணப்பக்கம் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி: யாரும் தொடாத இரண்டாவது வேர்க்கால்வாய். அதே வேர் நுனியில் 3 மி.மீ. திட்டு, அதற்கு மேலே தடித்த சைனஸ் சவ்வு. ரிப்போர்ட்டில் இந்த நான்கையும், எந்த வேர் என்ற பெயரோடு, எழுதுங்கள்.