சபையாகச் சேர்ந்து செயலியில் வேதம் வாசிக்க
2008 முதல் இலவசமாகக் கிடைக்கும் யூவெர்ஷன் வேதாகமச் செயலியில் சபையாருக்கு வாசிப்புத் திட்டம் தொடங்க விரும்பும் போதகர்கள், எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பை வாசிப்பது என்பதை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால், ஆதியாகமத்தின் முதல் வசனத்திலேயே பழைய மொழிபெயர்ப்பைத் திறந்தவர் ‘சிருஷ்டித்தார்’ என்றும் வேறொன்றைத் திறந்தவர் ‘படைத்தார்’ என்றும் வாசிக்க, ஒருமித்த வாசிப்பு தடுமாறிவிடும். அறிவித்த மொழிபெயர்ப்பை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டால், ஆலயத்தில் சிக்னல் எட்டாத மூலையிலும் வசனம் திறக்கும். திட்டத்தில் நண்பர்களைச் சேர்த்துக் கருத்து எழுதும் வசதியும் உண்டு. ஆனால், சபை முழுவதையும் ஒரே குழுவில் அடைக்காமல் வீட்டு ஜெபக்குழு வாரியாகப் பிரிப்பதே நல்லது. நூறு பேர் பார்க்கும் இடத்தில் கூச்சமுள்ள மூதாட்டி ஒரு வரிகூட எழுதமாட்டார். அவருடைய கைப்பேசியில் எழுத்தளவைப் பெரிதாக்கிக் கொடுக்க ஒரு வாலிபரையும் நியமியுங்கள்.