விமானப் பயணத்துக்கு பவர் பேங்க்: வாங்குமுன் ஒரு பெருக்கல்

பவர் பேங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஏ.எச். (mAh, மின்னேற்றக் கொள்ளளவு) எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் வாட் அவர் (Wh, சேமிக்கும் மின்னாற்றல்) அளவு 100-க்கு மேல் போகாவிட்டால், பெரும்பாலான விமான நிறுவனங்களில் முன் அனுமதியின்றிக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட் அவர்; 27,000 என்பது 99.9. ஆனால் 30,000 என்பது 111 ஆகிவிடுவதால் நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும். 160-ஐத் தாண்டினால் பயணி கொண்டுசெல்லவே இயலாது.

உள்ளே இருக்கும் லித்தியம் அயனி செல்லின் மின்னழுத்தமான 3.7 வோல்ட்டை வைத்தே அந்த எம்.ஏ.எச். எண் பொதுவாகக் குறிக்கப்படுகிறது, யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ட்டால் பெருக்கினால் 20,000 கூட 100-ஐத் தொட்டு வீண் அச்சம் தரும்.

செக்-இன் பெட்டியில் எந்த அளவுள்ள பவர் பேங்கும் கூடாது. ஒரு செல் கொதித்து அடுத்த செல்லையும் பற்றவைக்கும் தொடர்வினையைச் சரக்கறையில் தீயணைக்க வைத்திருக்கும் ஹாலோன் வாயுவால் நிறுத்த முடியாது, கேபினிலோ ஊழியர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். கடைசி நேரத்தில் கைப்பையைச் சரக்கறைக்கு வாங்கிக்கொண்டால், பவர் பேங்கை மறக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும்.

செல்கள் தொடராக இணைந்த மடிக்கணினி பேட்டரிக்கு இந்த 3.7 பொருந்தாது, அதன் மேலுள்ள வோல்ட் எண்ணால் பெருக்க வேண்டும். வாட் அவரே அச்சிடப்பட்டிருந்தால் கணக்கு வேண்டாம், அதுவே செல்லும். எழுத்து அழிந்த அல்லது உப்பிய பவர் பேங்க் எத்தனை சிறியதானாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.